ரெப்போ இறங்கிவிட்டது, என் தவணை ஏன் இறங்கவில்லை?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து ஒரு வாசகி 2025 டிசம்பர் கடைசியில் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். கணவர் வளைகுடாவில் வேலையில் இருக்கிறார். இவர் சிமெண்ட், கம்பி, பெயிண்ட், குழாய்ச் சாமான் விற்கும் கடையை நடத்துகிறார். 2018 சனவரியில் ஓர் அரசு வங்கியில் வாங்கிய வீட்டுக்கடனில் 22 லட்சம் பாக்கி. இன்னும் 15 ஆண்டுகள் இருக்கின்றன. வட்டி 8.75 சதவீதம், தவணை ஏறத்தாழ 22,000 ரூபாய். கடைக்கு உள்ளூர் சொசைட்டியில் 11 சதவீதத்தில் ஓவர்டிராஃப்ட் உண்டு. பஞ்சாயத்து வேலை எடுக்கும் கான்ட்ராக்டர் ஒருவர் 9 லட்சம் கடன் வைத்து ஏழு மாதமாகிறது. கேட்டால் "ட்ரஷரியில் பில் பாஸாகவில்லை" என்கிறாராம்.

அவர் கேட்பது நான்கு. ரிசர்வ் வங்கி ஒரே ஆண்டில் ஒன்றேகால் சதவீதம் குறைத்தும் தன் தவணையில் ஒரு ரூபாய்கூடக் குறையாதது ஏன், வங்கி ஏமாற்றுகிறதா? விலைவாசி கால் சதவீதம்தான் ஏறியது என்று செய்தியில் சொல்வது பொய்தானே? "வட்டியும் குறைஞ்சாச்சு, ஜிஎஸ்டியும் குறைஞ்சாச்சு, இனி வியாபாரம் பிச்சுக்கும், 15 லட்சம் கடன் வாங்கி குடோன் கட்டுங்க அண்ணி" என்று கொழுந்தனார் சொல்வதைக் கேட்கலாமா? கோவையில் பொருளாதாரம் படிக்கும் மகன் கேட்டது நான்காவது: அரசு நோட்டு அடித்துக் கான்ட்ராக்டர் பாக்கியைக் கொடுத்துவிட்டால் என்ன?

அன்புள்ள சகோதரி,

கடன் அனுமதிக் கடிதத்தின் நகலையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. முதல் கேள்விக்கான பதில் அதன் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. வங்கி ஏமாற்றவில்லை. ஆனால் நீங்கள் கேட்காத எதையும் அது தானாக வந்து சொல்லவும் இல்லை.

கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாக்காரருக்கு இதை விளக்குவது எளிது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு வர வேண்டும். ஆழியாறில் திறந்த அன்றே கடைமடை வயல் நனைகிறதா? மூலத்தறைத் தடுப்பணைக்கு வர வேண்டும், கால்வாயில் பிரிய வேண்டும், உங்கள் மதகு திறந்திருக்க வேண்டும். ரெப்போவும் அப்படித்தான். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலத்துக்குக் கொடுக்கும் பணத்தின் வட்டி அது. 2025 பிப்ரவரியில் 6.50இலிருந்து 6.25, ஏப்ரலில் 6.00, ஜூனில் ஒரே தாவலில் 5.50, டிசம்பரில் 5.25. அது உங்கள் வீட்டுக்கு எந்த வாய்க்கால் வழியாக வருகிறது என்பதைக் கடன் ஒப்பந்தம்தான் முடிவு செய்கிறது.

உங்கள் கடன் எந்த வாய்க்காலில்?

2019 அக்டோபர் 1 முதல் வணிக வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மிதக்கும் வட்டி வீட்டுக்கடனை, வங்கி தானே நிர்ணயிக்காத வெளி அளவுகோல் ஒன்றோடு கட்ட வேண்டும் என்பது விதி. பெரும்பாலான வங்கிகள் ரெப்போவோடு கட்டின. அந்தக் கடன்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டி திருத்தப்பட வேண்டும். உங்களுடையது 2018. அதில் "ஓராண்டு எம்சிஎல்ஆர் கூட்டல் 0.15, ஆண்டுக்கொருமுறை மறுநிர்ணயம்" என்றிருக்கிறது. எம்சிஎல்ஆர் என்பது வங்கி தன் செலவைக் கணக்கிட்டுத் தானே நிர்ணயிக்கும் விகிதம்.

தேதிகளைப் பாருங்கள். உங்கள் வட்டி கடைசியாக நிர்ணயமானது 2025 சனவரி. முதல் ரெப்போ குறைப்பு அடுத்த மாதம், பிப்ரவரியில். மதகை மூடிய மறுவாரம் தண்ணீர் வந்த கதைதான். அந்தச் சனவரி விகிதமே ஆண்டு முழுவதும் ஓடியிருக்கிறது. வரும் சனவரியில் குறையும். ஆனால் 1.25 முழுதாகக் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வங்கியின் பணத்தில் பெரும்பகுதி பழைய வட்டியில் வாங்கிய வைப்பு நிதி. இரண்டு மூன்று ஆண்டுக்குப் போட்டவர்களுக்கு முதிர்வு வரைக்கும் பழைய வட்டியைக் கொடுத்தாக வேண்டும். அதனால் எம்சிஎல்ஆர் மெதுவாகத்தான் இறங்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது, மறுநிர்ணயத் தேதிக்கு முன்பே கிளைக்குப் போய், "ரெப்போ இணைப்புக்கு மாற்றினால் என் வட்டி எவ்வளவு, மாற்றுக் கட்டணம் எவ்வளவு?" என்று எழுத்தில் கேட்பது. 5.25 ரெப்போ, அதன்மேல் வங்கி சேர்க்கும் விகிதமான ஸ்ப்ரெட் 2.25 என்று சொன்னால் 7.50 சதவீதம். 22 லட்சத்துக்கு 15 ஆண்டு என்றால் தவணை 21,988இலிருந்து 20,394 ஆகும். மாதம் 1,594 மிச்சம். கட்டணம் 5,000, அதன்மேல் ஜிஎஸ்டி என்று வைத்தாலும் நான்கு மாதத்தில் அது கழிந்துவிடும். ஸ்ப்ரெட்டைக் கட்டாயம் கேளுங்கள். ரெப்போ எல்லோருக்கும் ஒன்று, ஸ்ப்ரெட் ஆளுக்கு ஆள் வேறு. உங்கள் கிரெடிட் ஸ்கோர் 2018ஐவிட உயர்ந்திருந்தால் பேரம் பேச இடம் உண்டு.

இங்கே இன்னொரு தவறான எண்ணத்தையும் திருத்திவிடுகிறேன். தவணை குறையாவிட்டால் பலன் வரவில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். வட்டி குறையும்போது பல வங்கிகள் தவணையை அப்படியே வைத்துக் கடன் காலத்தைத்தான் சுருக்கும். உங்களால் 21,988 கட்ட முடிகிறது என்றால் அதுவே நல்லது. 7.50 சதவீதத்தில் அதே தொகையைக் கட்டினால் கடன் 180 மாதத்துக்குப் பதில் 158 மாதத்தில் தீரும். தவணையைக் குறைத்துக்கொள்வதோடு ஒப்பிட்டால் மொத்தத்தில் இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல் வட்டி மிச்சம். எதைச் செய்தாலும் பாக்கி அசல், மீதி மாதங்கள், புது வட்டி மூன்றும் உள்ள அட்டவணையைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

நிலையான வட்டிக்கு மாறலாமா என்றும் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். வங்கி அந்த வாய்ப்பைத் தந்தால் இரண்டு கேள்வி: மிதக்கும் வட்டியைவிட எவ்வளவு கூடுதல், "நிலையானது" என்பது எத்தனை ஆண்டுக்கு? மூன்று ஆண்டு கழித்து அவர்களே மாற்றிக்கொள்ளலாம் என்று பொடி எழுத்தில் இருந்தால் அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். இன்னொன்று, மிதக்கும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. கணவர் மொத்தமாகப் பணம் அனுப்பும் மாதத்தில் அசலில் போடலாம். அந்தச் சௌகரியத்தை லேசில் விட வேண்டாம்.

கடிதம் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். வழிமுறை கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

சொசைட்டி ஓவர்டிராஃப்டுக்கு இது எதுவும் பொருந்தாது. பெயரில் "பேங்க்" என்று போர்டு இருந்தாலும் கேரளத்தின் சர்வீஸ் சொசைட்டிகள் கூட்டுறவுத் துறையின் கீழ் வருபவை. ரெப்போ இறங்கியதால் அந்த 11 சதவீதம் தானாக இறங்காது. வணிக வங்கிகள் குறு, சிறு தொழில்களுக்குப் புதிதாகத் தரும் மிதக்கும் வட்டிக் கடன் வெளி அளவுகோலோடு கட்டப்பட்டது. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உதயம் பதிவு இருந்தால் வணிகருக்கும் முன்னுரிமைக் கடன் பிரிவில் இடம் உண்டு. சொசைட்டி வரம்பை வங்கிக்கு மாற்ற என்ன வட்டி என்று கேட்டுப் பாருங்கள். குடோனைவிட இது முதலில் செய்ய வேண்டிய வேலை.

கால் சதவீதம் பொய்யா?

பொய் இல்லை. 2025 அக்டோபரில் இந்தியாவின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம். அதே மாதம் கேரளத்தில் 8.56. செய்தியில் முதல் எண்ணைத்தான் உரக்கச் சொன்னார்கள். உங்கள் அடுக்களையில் நடந்தது இரண்டாவது எண்.

நாடு முழுவதுக்குமான கணக்கில் உணவுப் பொருளின் எடை, அதாவது பங்கு, பெரிது. அப்போது நடப்பிலிருந்த, 2012ஐ அடிப்படையாகக் கொண்ட தொடரில் 45.86 சதவீதம். முந்தைய ஆண்டு அக்டோபரில் காய்கறி விலை மிக அதிகமாக இருந்தது. இந்த ஆண்டு அது சரிந்ததால் கூட்டல் கழித்தலில் எண் ஏறக்குறையப் பூச்சியமாகிவிட்டது. கேரளத்தில் தேங்காயெண்ணெய் லிட்டர் நானூறைத் தாண்டியது. தங்கம் ஏறியது. வடநாட்டில் கடுகெண்ணெயில் தாளிப்பவருக்குத் தேங்காயெண்ணெய் விலை ஒரு செய்தி. உங்களுக்கு அது தினச்செலவு.

பணவீக்கம் குறைந்தால் விலை குறைந்துவிட்டது என்று பொருளில்லை. ஏறும் வேகம் தணிந்தது என்றே பொருள். 200 ரூபாய்ப் பொருள் 300 ஆகி, அடுத்த ஆண்டு 303 ஆனால் பணவீக்கம் 1 சதவீதம்தான். 200 திரும்பி வராது.

ரிசர்வ் வங்கிக்குச் சட்டப்படி உள்ள இலக்கு நாட்டுச் சராசரி 4 சதவீதம், மேலும் கீழும் 2 சதவீத இடைவெளியோடு. ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு பார்ப்பது அந்தச் சராசரியை. எண் இலக்குக்கு மிகக் கீழே போனதால் வட்டியைக் குறைக்க இடம் கிடைத்தது. பாலக்காட்டுக்கு ஒரு ரெப்போ, பாட்னாவுக்கு ஒரு ரெப்போ என்று வைக்க முடியாது. தேங்காய் விளைச்சல் குறைந்து ஏறிய விலையை எந்த வட்டியாலும் இறக்கவும் முடியாது. கேரளத்துக்கு ஓரளவு பொருந்தாத மருந்துதான், ஆனால் ஒரே ரூபாயைப் புழங்கும் நாட்டில் அதற்கு மாற்று இல்லை.

குடோன் கட்டலாமா?

கொழுந்தனார் சொல்வதில் பாதி சரி. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட்டுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 ஆனது. வரியோடு 350 ரூபாய்க்கு விற்ற மூட்டை, அடிப்படை விலை மாறாவிட்டால், 323க்கு வரும். 27 ரூபாய் குறைவு. இந்த 27 வாங்குபவருக்குப் போகிறது. மூட்டைக்குப் பத்து ரூபாய் லாபம் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பத்தாகவே இருக்கும். வரிக்குறைப்பில் உங்களுக்கு லாபம் வர வேண்டுமானால் மூட்டை எண்ணிக்கை ஏற வேண்டும்.

ஏறுமா? சிறிய வீட்டுக்கு 200 மூட்டை என்று வைத்தால் கட்டுபவருக்கு மிச்சம் 5,500 ரூபாய்க்குள். அதற்காக வீடு கட்டாதவர் கட்டத் தொடங்க மாட்டார். உங்கள் பக்கம் சிமெண்ட் விற்பனையை ஆட்டுவது வேறு: கேரள அரசின் லைஃப் மிஷன் திட்ட வீட்டுக்கான நான்கு லட்சத்தின் தவணை எப்போது வருகிறது, பஞ்சாயத்துச் சாலைக்கு பில் எப்போது பாஸாகிறது, வளைகுடாப் பணம் எவ்வளவு வருகிறது.

அரசு செலவு என்று பொதுவாகச் சொன்னாலும், அதில் எந்த ரூபாய் எந்தக் கடைக்கு வரும் என்பது வேறுவேறு. 2025 நவம்பரில் கேரளத்தில் நலப் பென்ஷன் 1,600இலிருந்து 2,000 ஆனது. வயதானவர் கையில் வரும் அந்த நானூறு அந்த வாரமே மளிகைக்கும் மருந்துக்கும் போகும், சிமெண்ட்டுக்கு வராது. 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்ற மத்திய பட்ஜெட் சலுகையால் கையில் கூடுதலாக மிஞ்சுவது பெரும்பாலும் மாதச் சம்பளக்காரருக்கு. அவர்கள் டைல்ஸ் மாற்ற நினைத்தால் உங்கள் கடைக்கு வருவார்களா, பொள்ளாச்சிக்குப் போவார்களா என்பது உங்களுக்கே தெரியும்.

எல்லைக்காரர்கள் இதை மறக்கக் கூடாது. கையில் வரும் 100 ரூபாயில் 60 ஊரிலேயே செலவானால் அந்த 60 இன்னொருவர் வருமானம். அவர் அதில் 36 செலவழிப்பார். இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் 100 ரூபாய் 250 ஆகும். 40 மட்டும் ஊரில் நின்றால் சுமார் 167 ரூபாயோடு முடிந்துவிடும். இவை உதாரணத்துக்கு வைத்த எண்கள். வேலந்தாவளம், கோபாலபுரம் தாண்டினால் டீசல் மலிவு, துணி மலிவு என்று போகும் ஒவ்வொரு வண்டியும் இந்தப் பெருக்கத்தைக் கொஞ்சம் ஒழுகவிடுகிறது. திருவனந்தபுரம் செலவழிக்கும் பணத்தில் பொள்ளாச்சிக் கடைவீதிக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டுத் திட்டப் பணத்தில் உங்கள் கடைக்கும் கொஞ்சம் வரும், எதிர்த்திசை வண்டிகளில்.

இனி குடோன் கணக்கு. 15 லட்சம், 10.5 சதவீதம், ஏழு ஆண்டு என்றால் தவணை சுமார் 25,290. மூட்டைக்குப் பத்து ரூபாய் என்றால் மாதம் 2,529 மூட்டை கூடுதலாக விற்க வேண்டும். 25 வேலைநாள் வைத்தால் நாளுக்கு நூறு மூட்டை. இப்போதைய விற்பனையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். ரெப்போவோடு கட்டிய கடன் இறங்குவது போலவே ஏறும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4இலிருந்து 6.5க்குப் போனது. அதே போல இரண்டரை ஏறினால் உங்கள் தவணை 27,290 பக்கம் வரும். அதையும் தாங்குமா என்று பார்த்த பிறகே கையெழுத்து.

என் கருத்து: இப்போது வேண்டாம். இடப் பற்றாக்குறையால் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பியதாகக் கடிதத்தில் எங்கும் நீங்கள் எழுதவில்லை. உங்களுக்குக் குறைவாக இருப்பது ரொக்கம்.

அந்த ஒன்பது லட்சம்

9 லட்சத்துக்கு 11 சதவீதத்தில் ஏழு மாத வட்டி 57,750 ரூபாய். 5,775 மூட்டை விற்ற லாபம் அது. கான்ட்ராக்டருக்கு அரசு தர வேண்டிய கடனை நீங்கள் சொசைட்டியில் வட்டி கட்டிச் சுமக்கிறீர்கள். அவர் சொல்வது சாக்காகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். கேரள ட்ரஷரியில் நெருக்கடிக் காலத்தில் குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட பில்களுக்குத் தனி அனுமதி கேட்பது வழக்கம். பில் எண்ணும், ட்ரஷரிக்குப் போன தேதியும் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் பதில் தெரிந்துவிடும். அரசு ஏற்றுக்கொண்ட பில்லைக் காட்டி வங்கியில் முன்பணம் பெறும் பில் டிஸ்கவுண்டிங் வசதி அவருடைய பில்லுக்குக் கிடைக்குமா என்றும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற சிறு தொழில் சட்ட விதியை நம்பியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு உதவாது. வணிகர்களுக்கு உதயம் பதிவு முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே. தாமதப் பணத்துக்கான அந்தப் பாதுகாப்பு உற்பத்தி, சேவைத் தொழில்களுக்குத்தான்.

வேறொரு பிடி இருக்கிறது. சரக்கு வாங்கியவர் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், அந்தப் பில்லில் எடுத்த உள்ளீட்டு வரி வரவை (சரக்கு வாங்கியபோது கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொண்ட தொகையை) வட்டியோடு திருப்ப வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். உங்கள் பாக்கி ஏழு மாதம். 180 நாள் கடந்துவிட்டது. சண்டை போடும் தொனி வேண்டாம். பில் வாரியாகப் பட்டியல் போட்டு, "உங்கள் ஆடிட்டர் கேட்பார், அதற்காகவே அனுப்புகிறேன்" என்று ஒரு கடிதம் அனுப்புங்கள். அதன் அடியில் பாக்கித் தொகையை ஒப்புக்கொண்டு கையெழுத்து வாங்குங்கள். வழக்குக்கான காலவரம்பு பொதுவாக மூன்று ஆண்டு. அதற்குள் வாங்கும் எழுத்துபூர்வ ஒப்புதல் அந்தக் காலத்தைப் புதிதாகத் தொடங்கிவைக்கும். புதுச் சரக்கு ரொக்கத்துக்கு மட்டும்; பழைய பாக்கியில் மாதம் ஒரு தொகை.

நோட்டு அடித்தால் என்ன?

உங்கள் மகனின் கேள்வி வகுப்பில் கேட்க வேண்டிய நல்ல கேள்வி. முதல் தடை எளியது: மாநில அரசுக்கு நோட்டடிக்கும் அதிகாரம் இல்லை. கடன்தான் வாங்க முடியும். அதற்கும் மாநில உற்பத்தியில் 3 சதவீதம் என்பது அடிப்படை வரம்பு. கேரள அரசின் கட்டுமான நிதி அமைப்பான கிஃப்பி போன்றவை வாங்கிய கடனையும் அந்த வரம்பில் சேர்ப்பது சரியா என்பதுதான் கேரளம் மத்திய அரசுமீது தொடுத்த வழக்கின் மையம். 2024இல் உச்ச நீதிமன்றம் அதை அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது.

மத்திய அரசு ஒரு காலத்தில் ஏறக்குறைய நோட்டு அடிக்கத்தான் செய்தது. பற்றாக்குறை வந்தால் தற்காலிகக் கருவூல உண்டியல் என்ற கடன் சீட்டை எழுதிக் கொடுக்கும், ரிசர்வ் வங்கி பணம் போடும். 1997இல் அது நின்றது. 2003ஆம் ஆண்டு நிதிப் பொறுப்புச் சட்டப்படி 2006 ஏப்ரல் முதல், விதிவிலக்கான சூழல் தவிர, அரசுக் கடன் பத்திரத்தை ரிசர்வ் வங்கி அரசிடம் நேரடியாக வாங்கக் கூடாது. சந்தையில் கைமாறும் பத்திரத்தை வாங்கலாம். அப்போதும் புதுப் பணம் புழக்கத்துக்கு வருகிறது, ஆனால் எப்போது, எவ்வளவு என்பதைச் செலவழிப்பவர் முடிவு செய்வதில்லை.

புதுப் பணம் வந்தால் உடனே விலை ஏறும் என்று மகன் எழுதினால் அதுவும் முழுச் சரியல்ல. கொத்தனார் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்து, வாளையாறு ஆலையில் சிமெண்ட் தேங்கியிருந்தால் கூடுதல் பணம் வேலையாக மாறும். கொத்தனாருக்கு ஆள் தட்டுப்பாடு இருக்கும்போது அதே பணம் கூலியையும் விலையையும்தான் ஏற்றும். கொரோனா ஆண்டான 2020-21இல் மத்திய அரசின் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 9.2 சதவீதம் வரை போனது. வேலையும் வருமானமும் முடங்கிக் கிடந்ததால் அப்போது அதற்கு நியாயம் இருந்தது. பிறகு 2022இல், உக்ரைன் போர் ஏற்றிய எண்ணெய் விலையும் சேர்ந்துகொள்ள, பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டுக்கு 6 சதவீதத்தைத் தாண்டி, காரணம் சொல்லி ரிசர்வ் வங்கி அரசுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. 2025-26க்கான பற்றாக்குறை இலக்கு 4.4 சதவீதம்.

சனவரி மறுநிர்ணயத்துக்கு அதிக நாள் இல்லை. வங்கிக்குப் போகும்போது அனுமதிக் கடிதம், இந்த ஆண்டுக்கான கடன் கணக்குத் தாள், உதயம் சான்று மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கடன் மாற்றத்தையும் ஓவர்டிராஃப்ட் மாற்றத்தையும் ஒரே நாளில் கேளுங்கள்; இரண்டு கணக்கும் தங்களிடமே இருக்கும் என்று தெரிந்தால் ஸ்ப்ரெட்டில் கொஞ்சம் இறங்கி வரக்கூடும்.